குற்றம் வினையா? பெயரா?

இலக்கண வகுப்பில் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் வேறுபடுத்திக் காட்டும்பொழுது ஆசிரியர் முதலில் சொல்லித்தரும் அடையாளம் ஒன்று உண்டு. வினை காலம் காட்டும்; பெயர் காலம் காட்டாது. 'திருடினான்' என்று சொன்னால் அது முடிந்துபோன ஒரு செயல். அதற்கு ஒரு நாள் உண்டு. ஓர் இடம் உண்டு. ஒரு முடிவும் உண்டு. 'திருடன்' என்று சொன்னாலோ காலம் மறைந்துவிடுகின்றது. அவன் நேற்றும் திருடன், இன்றும் திருடன், நாளையும் திருடன். செய்த செயல் ஒன்றேயாயினும் இரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு மனிதனின் வாழ்நாள் அளவு நீளமானது. தண்டிக்கும் உரிமை பெற்ற தந்தையும் ஆசிரியரும் நீதிபதியும் அரசும் இவ்விரு சொற்களுள் எதனை ஆள்கின்றனர் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

தண்டனையே வேண்டா என்பது என் கருத்தன்று. தீமை செய்தவனைத் தட்டிக் கேட்காத சமுதாயம் நல்லவனைக் கைவிட்ட சமுதாயமாகும். ஆனால் தண்டனை எதன்மீது விழவேண்டும்? செய்த வினையின்மீதா, செய்தவனின் பெயர்மீதா? இதனை ஆராய ஆங்கிலேயர் வரலாற்றை நாம் நோக்குவது பொருத்தமுடையது. ஏனெனில், நம் நாட்டின் குற்றவியல் சட்டம் அவர்கள் வழி வந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டத்திற்கு முன்மாதிரியாகி, பின்னர் மலாயா முழுவதற்கும் வழிகாட்டியது. அவர்கள் கற்ற பாடங்களும் கற்க மறந்த பாடங்களும் நம் வீட்டு வாசல்வரை வந்துள்ளன.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கச் சட்டம் இடந்தந்தது. ஒரு வீட்டில் 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடியவனும் கொலையாளியும் ஒரே கயிற்றுக்கு உரியவராயினர். இக்கடுமையால் திருட்டு ஒழிந்ததா? இல்லை. மாறாக, நீதிமன்றத்தில் பொய் குடிபுகுந்தது. உயிரைப் பறிக்க மனம் ஒவ்வாத நடுவர் குழுவினர், களவு போன பொருளின் மதிப்பை 39 ஷில்லிங் என்று குறைத்துக் கூறித் திருடியவனைக் கயிற்றினின்று காத்தனர். சட்டம் அறத்தைக் கடந்து கடுமையானபொழுது, அறம் சட்டத்தை ஏமாற்றித் தன்னைக் காத்துக்கொண்டது.

இத்தாலியரான பெக்காரியா 1764-இலேயே, தண்டனையின் கொடுமையைவிட அதன் உறுதிப்பாடே குற்றத்தைத் தடுக்கும் என்று எழுதினார். ஜான் ஹோவர்டு சிறைதோறும் சென்று தாம் கண்ட அவலங்களை 1777-இல் நூலாக வெளியிட்டார். எலிசபெத் பிரை அம்மையார் நியூகேட் சிறையிலிருந்த பெண்களுக்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் கல்வியும் கைத்தொழிலும் கிடைக்கச் செய்தார். உள்துறை அமைச்சராக இருந்த ராபர்ட் பீல் தூக்குக்குரிய குற்றங்கள் பலவற்றைக் குறைத்ததோடு, 1829-இல் இலண்டன் மாநகரக் காவற்படையை அமைத்தார். நடந்த குற்றத்திற்குப் பழிவாங்குவதினும் குற்றம் நடவாமல் தடுப்பதே அப்படையின் தலையாய கடமை என்று விதிக்கப்பட்டது. 'தடுத்தல்' என்னும் அந்தச் சொல்லை நாம் நினைவில் நிறுத்துவோம். அது பின்னர் வேறொரு வேடம் பூண்டு வரப்போகின்றது.

தூக்கிலிடப்படாத குற்றவாளிகள் கடல் கடத்தப்பட்டனர். பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தல் 1868 வரை நீடித்தது. இந்தியாவிலிருந்து கடத்தப்பட்டவர்களோ பினாங்கு, பென்கூலன், மலாக்கா, சிங்கப்பூர் எனும் நம் பகுதிகளுக்கே கொண்டுவரப்பட்டனர். 1824-ஆம் ஆண்டின் ஆங்கில - டச்சு உடன்படிக்கையின்படி பென்கூலன் டச்சுக்காரர் வசமானதும், அங்கிருந்த கைதிகள் இடம் மாற்றப்பட்டனர். 1825 ஏப்ரல் 18-ஆம் நாள், முன்னர்ச் சென்னையிலிருந்து கடத்தப்பட்டிருந்த 80 பேர் சிங்கப்பூரில் வந்து இறங்கினர். அடுத்த ஒரு வாரத்தில் வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தனர். தோட்டத் தொழிலாளர் வருகையைக் குறித்து நாம் விரிவாகப் பேசுகின்றோம். அவர்களுக்கு முன்னரே விலங்கணிந்த காலோடு இம்மண்ணை மிதித்தவர்களை ஏனோ நாம் அதிகம் நினைப்பதில்லை.

அவர்களுள் பலர் நெற்றியில் ஓர் எழுத்தைச் சுமந்து வந்தனர். ஆயுள் தண்டனை பெற்ற கைதியின் நெற்றியில் அவன் செய்த குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் அந்நாளில் கம்பெனி ஆட்சியில் இருந்தது. அதனை மறைக்கத் தலைப்பாகையை நெற்றிவரை இறக்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. தலையெழுத்து என்று நாம் பேச்சு வழக்கில் கூறுவதை அரசாங்கமே ஊசி கொண்டு எழுதிற்று! வினையைப் பெயராக்குவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? தண்டனைக் காலம் முடிந்தாலும், மனம் திருந்தினாலும், மயிர் நரைத்தாலும் அந்த எழுத்து அழியாது. 1849-இல் அவ்வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

வியப்புக்குரிய செய்தி என்னவெனில், எழுதப்பட்ட அந்த நெற்றிகளை நம்பி ஒரு புதிய முறை இங்கே உருவாயிற்று. ராபிள்ஸ் 1818-இல் பென்கூலனில் கைதிகளை அவரவர் நடத்தைக்கேற்ப மூன்று வகுப்புகளாகப் பிரிக்கத் திட்டமிட்டார். ஆளுநர் பட்டர்வொர்த் 1845-இல் வகுத்த விதிகளின்படி அவை ஆறு வகுப்புகளாயின. புதிதாக வந்தவன் நான்காம் வகுப்பில் தொடங்குவான். நன்னடத்தை அவனை மூன்றாம் வகுப்புக்கும், பின்னர் இரண்டாம் வகுப்புக்கும் உயர்த்தும். தீய நடத்தை அவனை ஐந்தாம் வகுப்புக்குத் தள்ளும். முதல் வகுப்பை எட்டியவன் அனுமதிச் சீட்டுப் பெற்று வெளியே குடியிருந்து தொழில் செய்து பிழைக்கலாம்.

இரண்டாம் வகுப்பினரே இம்முறையின் உயிர்நாடி. அவர்களிலிருந்துதான் சிறையின் காவலர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 'தண்டல்' என்னும் பதவிப் பெயர் அங்கும் வழங்கிற்று. கைதிகளைக் கைதிகளே மேற்பார்த்தனர். மேலதிகாரிகளாக இருந்த ஐரோப்பியர் மிகச் சிலரே. அச்சிறையை நிருவகித்த மேக்நேர் 1899-இல் வெளியிட்ட தம் நூலுக்குக் 'கைதிகளே தமக்குக் காவலர்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். ஒருகாலத்தில் வாள் ஏந்திய கையில் சாவியைக் கொடுத்து, 'இதனை நீ காத்துக்கொள்' என்று சொன்ன முறை அது. சொற்பொழிவு எதுவும் செய்ய இயலாத வேலையைச் சாவி செய்தது. நம்பப்படுகின்றவன் நம்பிக்கைக்குரியவனாக விழைகின்றான் என்பது மனித இயல்பு.

அவர்களின் உழைப்பை இன்றும் காணலாம். 1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெண்சுவர்கள் அவர்கள் எழுப்பியவை. சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் குழைத்த சென்னைச் சாந்து அச்சுவர்களுக்கு மெருகூட்டியது. 1869-இல் முடிவுற்ற ஆளுநர் மாளிகை, இந்நாளில் சிங்கப்பூர் அதிபரின் இஸ்தானா, அவர்கள் கைவண்ணம். சாலைகளும் பாலங்களும் கலங்கரை விளக்கமும் அவர்கள் வியர்வை பட்டவை. தாங்கள் அடைபட்ட சிறையைக்கூட அவர்களே கட்டினர். விடுதலை பெற்றவர்களுள் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே மணம் புரிந்து குடும்பமாக வாழ்ந்தனர்.

இதனை ஒரு பொற்காலமாகப் புனைந்துரைப்பது உண்மைக்குப் புறம்பாகும். ஆங்கிலேயர் அருளால் மட்டும் இதனைச் செய்யவில்லை. கூலியின்றிக் கிடைத்த உழைப்பு அவர்களுக்கு வேண்டியிருந்தது. காவலர் சம்பளமும் மிச்சமாயிற்று. சங்கிலிகளும் சாட்டையும் அச்சிறையில் இருக்கவே செய்தன. ஆயினும் ஓர் உண்மை எஞ்சி நிற்கின்றது. உள்நோக்கம் எதுவாயினும், அம்முறையில் ஒரு மனிதனுக்கு ஏணி இருந்தது. அவன் நின்ற படி, அவன் இன்று செய்வதைப் பொறுத்தது. என்றோ செய்ததை மட்டும் பொறுத்ததன்று. வினையைத் தண்டித்து, மனிதனுக்கு எதிர்காலத்தை விட்டுவைத்தது அம்முறை.

1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் பிடியிலிருந்து நீங்கி இலண்டனின் நேரடி ஆட்சிக்கு வந்தன. 1873-இல் சிங்கப்பூரின் கைதிச் சிறை மூடப்பட்டது. எஞ்சியோர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ அதே காலத்தில், 1871-இல், அதே பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிறப்பித்தது. சிங்கப்பூரில் கொலை செய்தவன் காவலனாக உயர முடிந்தது. இந்தியாவிலோ எக்குற்றமும் செய்யாத குழந்தை பிறக்கும்பொழுதே குற்றவாளி வரிசையில் சேர்க்கப்பட்டது. முன்னது வினைக்கு உரிய தண்டனை. பின்னது வினையே இல்லாத பெயருக்கு விதித்த தண்டனை.

அச்சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளரும் குறவர் முதலிய பிற மக்களும் அதன் வலையில் சிக்கினர். வளர்ந்த ஆடவர் காவல் நிலையத்தில் பெயரைப் பதிந்து கைரேகை வைக்கவேண்டும். இரவில் தம் வீட்டில் மனைவி மக்களோடு உறங்கும் உரிமைகூடப் பலருக்கு மறுக்கப்பட்டது. காவலர் கண்ணெதிரே படுத்துறங்க வேண்டியதாயிற்று. வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். ரேகைச் சட்டம் என்றே மக்கள் அதனை அழைத்தனர். 1849-இல் நெற்றியை விட்டகன்ற எழுத்து, இப்பொழுது விரல் நுனிக்கு இடம் மாறிற்று. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், ரேகை வைக்க மறுத்து நின்ற மக்கள்மீது காவலர் சுட்டனர். பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இங்குதான் 'தடுத்தல்' என்னும் சொல் வேடம் மாறுவதைக் காண்கின்றோம். இலண்டனில் தடுப்பதென்பது தெருவைக் காப்பது. மதுரையில் தடுப்பதென்பது ஒரு குலத்தைக் கட்டிப்போடுவது. தெருவைக் காக்கும் காவலர் 'இங்கே என்ன நடக்கின்றது?' என்று கேட்கின்றார். குலத்தைக் கட்டிப்போடும் சட்டம் 'நீ யார் மகன்?' என்று கேட்கின்றது. முதல் கேள்வி வினையைத் தேடுகின்றது. இரண்டாம் கேள்வி பெயரைத் தேடுகின்றது. முத்துராமலிங்கத் தேவர் முதலியோரின் போராட்டங்களுக்குப் பின், 1947-இல் சென்னை மாகாணத்திலும் 1952-இல் இந்தியா முழுவதிலும் அச்சட்டம் நீங்கியது. ஆனால் சட்டம் நீங்கிய வேகத்தில் சந்தேகம் நீங்கவில்லை என்பதை அம்மக்கள் நன்கறிவர். ஒன்று மட்டும் ஆறுதல் தருகின்றது: அச்சட்டத்தின் கொடுங்காலத்திலேயே அப்பகுதியில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தோன்றின. ரேகை செய்ய முடியாததை எழுத்தறிவு செய்தது.

இனி நம் நாட்டை நோக்குவோம். போதைப்பொருள் கடத்தலுக்கு 1983-இல் கட்டாய மரணத் தண்டனை விதிக்கப்பட்டது. 200 கிராம் கஞ்சாவோ 15 கிராம் ஹெராயினோ கையில் இருந்தால் அவன் கடத்தல்காரன் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். அவ்வூகத்தை உடைக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவனுடையது. கடத்தியதாகத் தீர்ப்பானபின், அவன் வயது என்ன, வறுமையால் ஏமாற்றப்பட்டானா, தலைவனா, வெறும் சுமைகூலியா என்று எடைபோட்டுத் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு வழியில்லை. தராசில் எடை பார்த்தாயிற்று. மனிதனை எடை பார்க்கச் சட்டம் இடந்தரவில்லை. போதைப்பொருளால் சிதைந்த குடும்பங்களை நாம் அறிவோம். அச்சட்டத்தைக் கொண்டுவந்தோரின் அச்சமும் பொய்யானதன்று. ஆயினும் நாற்பது ஆண்டுக்காலத் தூக்குக் கயிறு அந்த வணிகத்தை ஒழிக்கவில்லை. சுமந்து வந்தவன் தூக்குமேடை ஏறினான். அனுப்பியவன் வேறொருவனைத் தேடிக்கொண்டான்.

2018 முதல் தூக்கு நிறைவேற்றம் நிறுத்திவைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் மக்களவை நிறைவேற்றி, அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள் நடப்புக்கு வந்த சட்டம் கட்டாய மரணத் தண்டனையை நீக்கியது. மரணத் தண்டனை முற்றாக ஒழியவில்லை. அதனை விதிப்பதா, 30 முதல் 40 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிப்பதா என்று முடிவு செய்யும் பொறுப்பு நீதிபதியிடம் திரும்பியது. முன்னரே தீர்ப்புப் பெற்றவர்களின் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் மறு ஆய்வு செய்தது. நூற்றுக்கணக்கானோர் தூக்கினின்று மீண்டனர். சட்டம் மென்மையாகிவிட்டது என்று சிலர் வருந்தினர். சட்டம் மீண்டும் மனிதனின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியது என்றே நான் கொள்கின்றேன்.

கொலையுண்டவனின் தாய்க்கு என்ன விடை சொல்வீர் என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. குற்றவாளியின் திருத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டு, பாதிக்கப்பட்டவரின் கண்ணீரை மறப்பது அறமன்று. அந்தத் தாய்க்கு உண்மை தெரியவேண்டும், நீதி கிடைக்கவேண்டும், ஆதரவு கிடைக்கவேண்டும். ஆனால் அவசரமாக ஒருவனைக் கொல்வதால் அந்தத் தாய்க்கு நீதி கிடைத்துவிடுமா? சிலப்பதிகாரத்துப் பாண்டியன், ஆராயாமல் ஒருவனைக் 'கள்வன்' என்ற பெயரில் கொன்றான். உண்மை வெளிப்பட்டபொழுது அவனால் கொடுக்க முடிந்தது தன் உயிர் ஒன்றே. கோவலன் உயிரைக் கொடுக்க முடியவில்லை. இலண்டனில் 1950-இல் தன் குழந்தையைக் கொன்றதாகத் திமோத்தி எவன்ஸ் தூக்கிலிடப்பட்டார். அதே வீட்டில் குடியிருந்த கிறிஸ்டி என்பவன் பல பெண்களைக் கொன்றவன் என்பது 1953-இல் வெளிப்பட்டது. எவன்ஸுக்கு 1966-இல் மன்னிப்பு வழங்கினர். கல்லறைக்கு வழங்கும் மன்னிப்பு யாருக்குப் பயன்? பிரிட்டன் 1965-இல் கொலைக்கான தூக்கை நிறுத்தியதற்கு இத்தகைய வழக்குகளும் காரணமாயின.

மரணத் தண்டனையினும் நுட்பமான மற்றொன்று உண்டு. அது விசாரணையற்ற தடுப்புக் காவல். யோங் பெங்கிலிருந்து பழைய நெடுஞ்சாலையில் ஆயர் ஈத்தாமைக் கடந்து தெற்கே சென்றால் சிம்பாங் ரெங்கம் வரும். 1969-ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தின்கீழ்ப் பிடிபட்டோர் அடைக்கப்பட்ட முகாமால் அவ்வூரின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்படாமலேயே ஈராண்டு அங்கே கழித்தவர்கள் பலர். அச்சட்டம் நீக்கப்பட்டபின், 1959-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தம் பெற்று 2014 முதல் அவ்விடத்தை நிரப்பியது. குண்டர் கும்பல்களுக்கு அஞ்சிச் சாட்சி சொல்ல எவரும் முன்வருவதில்லை என்று அரசு காட்டும் காரணத்தில் உண்மை உண்டு. ஆயினும், 'நீ இதைச் செய்தாய்' என்று மெய்ப்பிக்காமல் 'நீ இத்தகையவன்' என்று அடைப்பது, வினையைத் தேடும் உழைப்பைக் கைவிட்டுப் பெயரோடு நிறைவடைவதாகும். விடுதலையாகி வருபவனுக்குத் தான் குற்றமற்றவன் என்று காட்டத் தீர்ப்பு ஒன்றும் கையில் இராது. ஊரார் வாயில் ஒரு பெயர் மட்டும் இருக்கும்.

இந்தப் பெயர் சூட்டும் பழக்கம் அரசிடம் மட்டும் இருப்பதாக எண்ணி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபின், பழகிய லயன் வீடுகளை விட்டுப் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல. அப்பிள்ளைகளுள் சிலர் தவறான துணையில் சேர்ந்தனர் என்பது வேதனையான உண்மை. ஆனால் கருத்த முகமும் ஒட்ட வெட்டிய முடியுமாகத் தெருமுனையில் நிற்கும் நம் பையன் ஒவ்வொருவனையும் 'குண்டன்' என்று முணுமுணுத்துக் கடப்பவர்களுள் நம்மவரும் உளர். பிறர் நமக்குச் சூட்டிய பெயரை நாமே நம் பிள்ளைகளுக்குச் சூட்டுகின்றோம். பலமுறை ஒரு பெயரால் அழைக்கப்பட்டவன் ஒருநாள் அப்பெயருக்குத் திரும்பிப் பார்க்கவே செய்வான்.

பள்ளிக்கூடமே இதற்கு முதல் களம். நம் நாட்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் 1959 முதல் நடப்பில் உள்ளன. பிரம்பைத் தலைமையாசிரியரும் அவர் அதிகாரம் அளித்தவருமே எடுக்கலாம் என்பதும், மாணவியரை அடிக்கலாகாது என்பதும் அவ்விதிகளின் நெறி. ஆனால் பிரம்பினும் ஆழமாகப் பதியும் ஒன்றுக்கு விதி எதுவுமில்லை. அது ஆசிரியரின் வாய்ச்சொல். பக்கத்து மாணவனின் காசை எடுத்த பத்து வயதுப் பையனிடம், 'நீ எடுத்தாய், திருப்பிக் கொடு, அவனிடம் மன்னிப்புக் கேள்' என்று சொல்வது தண்டனை. அதில் உண்மை உண்டு, ஈடு உண்டு, முடிவும் உண்டு. வகுப்பின் முன் நிறுத்தி, 'இவன் திருட்டுப் பையன், பைகளைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வது நெற்றியில் பச்சை குத்துவது. ஆறாம் ஆண்டு முடித்து அவன் வெளியேறினாலும் அந்த எழுத்து அவனோடு இடைநிலைப்பள்ளிக்கும் செல்லும்.

இலக்கணத்தில் தொடங்கிய இவ்வாராய்ச்சிக்கு இலக்கணமே ஒரு வழியும் காட்டுகின்றது. பெயர் காலம் காட்டாது என்ற விதிக்கு விலக்காகத் தமிழில் ஒரு பெயர் உண்டு. அது வினையாலணையும் பெயர். 'திருடியவன்' என்பது அவ்வகை. அது குற்றத்தை மறைக்கவில்லை. செய்தவன் இவன்தான் என்று சுட்டவும் தவறவில்லை. எனினும் அது இறந்த காலத்தைத் தன்னுள் தாங்கி நிற்கின்றது. திருடியவன் நாளை உழைப்பவன் ஆகலாம். உழைத்தவன் ஒருநாள் பிறரைக் காப்பவன் ஆகலாம். சிங்கப்பூரின் பழைய சிறையில் சாவி ஏந்தி நின்ற கைகள் அதற்குச் சான்று. நீதிமன்றமும் காவல்துறையும் பள்ளியும் குடும்பமும் 'திருடன்' என்னும் சொல்லை விடுத்துத் 'திருடியவன்' என்னும் சொல்லைப் பழகுமாயின், தண்டனை தன் எல்லையை அறியும். காலம் காட்டும் சொல்லில்தான் மனிதனுக்கு எதிர்காலம் இருக்கின்றது.